விடை தெரியாத கேள்வியும் கலாநிதிப் பட்டமும்



இவ்வறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தவர்கள், பௌதிகவியலில் ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் பெறுதல் பற்றி, அதனை நாடும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படுமாறு பேசவேண்டுமென்று பணித்தார்கள். விண்ணப்பம் எழுதும் முறை, புலமைப்பரிசில் கிடைக்கும் இடம், ஆங்கிலப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் விதம் முதலியவற்றைச் சொல்லுதற்கு என்னினும் இளையவர்களும் விஷயமறிந்தவர்களும் இச்சபையிலே உளர். ஆதலின் அவற்றை அவர்களுக்கே விட்டுவிட்டு, பரீட்சையென்னும் ஒரே கோலால் ஐந்து வயது தொட்டு அளக்கப்பட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையொன்று, அக்கோல் செல்லுபடியாகாத ஒரு படிப்பினுள்ளே காலடி வைக்கும்போது அதற்கு நேர்வது யாது, அவ்வேளையில் அதற்கு வேண்டுவது யாது என்பவற்றையே இன்று எடுத்துப் பேசக் கருதுகிறேன்.

பரீட்சையின்மேல் நமக்குள்ள பற்று இன்று நேற்று உண்டானதன்று. வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷனார் 1823 இல் ஸ்தாபித்த செமினரியில், டானியல் பூவர் முதலிய பாதிரிமார் கணிதமும் வானசாஸ்திரமும் இயற்கைத் தத்துவமும் கற்பித்தனர். அது 1855 இல் மூடப்பட்டதாயினும், அங்கே கற்ற கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1857 இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பீ. ஏ. பரீட்சையிலே தேறி, அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தாரே என்று நாம் இன்றளவும் மார்தட்டுதற்கு இடந் தந்தனர். அதன் பின்னர் கேம்பிரிட்ஜ் சீனியர், இலண்டன் மற்றிக்குலேஷன், எஸ். எஸ். ஸி., க. பொ. த. உயர்தரம் என்று பரீட்சையின் பெயர்கள் மாறிவந்தனவேயன்றி, பெறுபேறு வெளியாகும் நாளிலே ஊரின் மானமே அதிற் றங்கியிருப்பதாக எண்ணும் மனோநிலை மாறவில்லை.

அச்செமினரிக் காலத்து நிகழ்ச்சியொன்று என் விஷயத்துக்கு நெருங்கியது. 1829 மார்ச்சு மாதத்துச் சந்திரகிரகணத்தை வட்டுக்கோட்டைப் பஞ்சாங்கம் ஒருவிதமாகவும், பூவருடைய கணிப்பு மற்றொருவிதமாகவும் கூறின. கிரகணத்தன்று பார்த்தபோது பூவரின் கணிப்பே சரியாயிற்று. இதனைப் புதிய சாஸ்திரத்தின் வெற்றியென்று பாதிரிமார் பறைசாற்றினர். பஞ்சாங்கத்தார் மானக்கேடாகக் கொண்டனர். எனக்கோ அவ்விரு சாராரும் ஒரே குறையுடையவராகவே காணப்படுகின்றனர். நூற்றாண்டுகளாக ஏறக்குறையச் சரியாகவே கிரகணங் கணித்துவந்த ஒரு முறை, இம்முறை இவ்வளவு பிசகியது ஏன், அதன் மூலவெண்களில் எது எவ்வளவு காலமாகச் சிறிது சிறிதாக வழுவிவந்தது என்று கேட்டிருந்தால், அதுவே இந்தக் குடாநாட்டிற் செய்யத்தக்க முதலாவது பௌதிக ஆராய்ச்சியாயிருந்திருக்கும். யார் வென்றார் என்று கேட்டவர் பலர். பிழையை ஒரு பொருளாக எடுத்து ஆராயலாமென்ற எண்ணத்துக்கு அன்று இடமிருக்கவில்லை.

பிழையையே பொருளாக எடுத்தாண்ட ஒருவரைப் பற்றி இனிச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன்.

கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் 1918 இலே நாவற்குழியிற் பிறந்தார், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் படித்தார், உரும்பிராய் சி. சுந்தரலிங்கம் கணிதப் பேராசிரியராய் விளங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே பயின்று, கேம்பிரிட்ஜிலுள்ள கிறைஸ்ற் கல்லூரிக்குச் சென்று, அங்கே போல் டிராக்கின் கீழ் ஆராய்ச்சி மாணவராக அமர்ந்தார். பரீட்சைகளெல்லாவற்றிலும் அவர் முன்னின்றவர்தாம். அதனை மறைத்து, பரீட்சையிலே தோற்றவனே விஞ்ஞானியாவான் என்று பேசுவது இக்காலத்து நாகரிகமாயினும், உண்மைக்குப் பொருந்தாது. ஆனால் டிராக்கின் அறை வாயிலைக் கடந்த பின்னர் அப்பெறுபேறுகளைப்பற்றி அவரைக் கேட்பார் இல்லை. முப்பத்தொரு வயதில் நோபெல் பரிசு பெற்றவரும், நியூற்றன் ஒருகாலத்தில் வகித்த பேராசிரியப் பதவியை அப்போது வகித்தவருமாகிய டிராக், சொற்களைச் செலவிடுவதில் மிக்க சிக்கனக்காரரென்று உலகப் பிரசித்தி பெற்றவர். மாணவர் கூறுவதைக் கேட்டு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்வதோடு அமையும் அத்தகைய ஒருவரிடம், ஒவ்வொரு படியிலும் ஆசிரியர் வழிகாட்ட வளர்ந்த நம்மவர் ஒருவர் சென்று சேர்ந்தால், முதலாண்டிலே அவர் படும் பாடு யாதாயிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எலியேசர் எடுத்துக்கொண்ட கேள்வியின் வரலாறு இது. ஆர்முடுகும் மின்னேற்றம் ஒளியைக் கதிர்த்துச் சக்தியை இழக்கும் என்பது பழைய பௌதிகத்தின் முடிபு. அங்ஙனமாயின், ஐதரசன் அணுவிலே புரோத்தனைச் சுற்றிவரும் இலத்திரன், இடைவிடாது சக்தியை இழந்து சுருண்டு சுருண்டு கருவிலே விழுந்துவிடவேண்டும். அவ்வாறு விழுவதற்குப் பிடிக்குங் காலம், ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிரித்து, அப்பிரிவொன்றை மறுபடியும் நூறாகப் பிரித்தால் வருவதில் ஒன்றிரண்டு பங்குதான். உலகமோ விழாமல் நிற்கிறது. இவ்விடர்ப்பாட்டை 1913 இலே நீல்ஸ் போர் தம் புதுக் கொள்கையால் தாண்டிச் சென்றார். தாண்டிச் சென்றாரேயன்றிப் பழைய கேள்வி தீர்ந்துவிடவில்லை. தான் கதிர்த்த ஒளியினாலே தானே பின்னுக்குத் தள்ளப்படும் இலத்திரனுக்கு, பழைய பௌதிகத்தின் எல்லைக்குள்ளே, முரண்பாடில்லாத சமன்பாடு ஒன்று எழுத முடியுமா என்பதே அக்கேள்வி. டிராக் 1938 இல் அத்தகைய சமன்பாடு ஒன்றை எழுதினார். அது விசித்திரமான சமன்பாடு. நியூற்றனின் விதிப்படி ஒரு பொருளின் இடமும் வேகமும் தெரிந்தால் அதன் எதிர்காலம் தெரிந்துவிடும். டிராக்கின் சமன்பாட்டிலோ அவற்றோடு ஆர்முடுகலையும் முதலிலேயே கொடுத்தாகவேண்டும். அதனைச் சற்றே பிசகிக் கொடுத்துவிட்டால், எவ்வித விசையும் தீண்டாத இலத்திரன் தன்பாட்டிலே மேன்மேலும் வேகங்கொண்டு ஓடிவிடும். அவ்வாறு ஓடும் தீர்வுகளையெல்லாம் கழித்துவிடலாமென்று டிராக் விதித்தார். கழித்ததற்கு விலையாக, விசை வந்து சேர்வதற்குச் சிறிது முன்னரே இலத்திரன் அசையத் தொடங்கும் என்ற முடிபை ஏற்கவேண்டியதாயிற்று. அந்தச் 'சிறிது' எவ்வளவெனின், தசமப் புள்ளிக்குப் பின் இருபத்துமூன்று பூச்சியமிட்டு ஆறு என்று எழுதினால் வரும் செக்கன்.

இவ்விடத்திலேதான் நாவற்குழிப் பிள்ளையின் கேள்வி பிறந்தது. இச்சமன்பாட்டை ஐதரசனுக்கே பிரயோகித்தால் என்ன நடக்கும்? இலத்திரனொன்றைப் புரோத்தனை நோக்கி நேர்கோட்டிலே செல்ல விட்டுக் கணக்கிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றையொன்று இழுப்பவை. ஆதலின் இலத்திரன் விரைந்து சென்று மோதும் என்று எவரும் எதிர்பார்ப்பர். கணக்கோ வேறு சொல்லிற்று. இலத்திரன் புரோத்தனைச் சென்றடையவே மாட்டாது. வழியிலே நின்று, திரும்பி, தன்னை இழுக்கும் விசைக்கு எதிராகவே, ஒளியின் வேகத்தை அணுகும் வேகத்தோடு அப்பால் ஓடிவிடும். ஓடுந் தீர்வுகளைக் கழித்துவிடலாமென்ற டிராக்கின் பரிகாரம் இங்கே பலிக்கவில்லை, கழித்தால் எஞ்சுவதொன்றுமில்லை. இம்முடிபு 1943 இலே கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் வெளிவந்தது. அப்போது எலியேசருக்கு வயது இருபத்தைந்துதான்.

இதிலே நான் காணும் விசேஷம் ஒன்றுண்டு. மாணவன் ஆசிரியரின் சமன்பாட்டை எடுத்து, அதிலே ஆசிரியர் பாராத குறையொன்றைக் கண்டு, அதனை அச்சிலும் ஏற்றினான். குருவின் வாக்கு மறுத்தற்கரியதென்று பயின்ற நம் மரபிலே இது அபசாரமாகத் தோன்றலாம். ஆனால் ஆராய்ச்சி நடைபெறும் ஸ்தானங்களில் ஆசிரியருக்குச் செய்யும் மரியாதையே இதுதான். அவர் எழுதியதைக் கடைசிவரை சென்று பார்க்கும் அளவுக்குப் பொருட்படுத்தினோம் என்பதன் அறிகுறி அது. எலியேசர் அதனோடு நின்றுவிடவுமில்லை. 1948 இலே இலண்டன் றோயல் சொசைற்றியின் ஏட்டில், ஓடிப்போகும் தீர்வுகளுக்கு இடங்கொடாத வேறொரு சமன்பாட்டை முன்வைத்தார். அது நெடுங்காலம் அதிகம் பேசப்படாமற் கிடந்தது. நாற்பதாண்டுகளுக்கு மேற் கழிந்தபின் அமெரிக்காவிலே போர்ட், ஓகொனெல் என்னும் இருவர் வேறு வழியால் அதே வடிவத்தை வந்தடைந்தனர். பேராற்றல் வாய்ந்த லேசர்க் கதிரினுள்ளே இலத்திரன் படும் பாட்டை அளக்கக்கூடிய இக்காலத்திலே, அம்மூவர் பெயரையும் சேர்த்து அச்சமன்பாட்டை வழங்குவோரும் உளர்.

எலியேசரின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1949 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். 1956 இன் மொழிச் சட்டமும் 1958 இன் கலவரமும் கடந்தபின், 1959 இலே மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும், 1968 இலே மெல்பேணிலுள்ள லா ட்றோப் பல்கலைக்கழகத்துக்கும் சென்று, 2001 இல் அந்நகரிலே காலமானார்.

இனி, கலாநிதிப் பட்டப் படிப்பின் உள்ளமைப்பைச் சிறிது பார்ப்போம். பிரித்தானிய முறையிலே மூன்று நான்கு ஆண்டுகள், முதல் நாளிலிருந்தே ஆராய்ச்சி. அமெரிக்க முறையிலே ஐந்தாறு ஆண்டுகள். அவற்றில் முதல் இரண்டும் வகுப்புகள், தகைமைப் பரீட்சை, இளைய மாணவருக்குப் பாடஞ் சொல்லிப் பிழைத்தல் என்பவற்றிலே கழியும். நம் பல்கலைக்கழகங்களிலே பெரும்பாலும் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிந்து, வேலை தேறுமெனக் கண்டபின் கலாநிதிப் பட்டத்துக்கு உயர்த்துவது வழக்கம். எம்முறையாயினும் முடிவிலே ஓர் ஆய்வேடும் வாய்மொழிப் பரீட்சையும் உண்டு. 'பரீட்சை செல்லுபடியாகாத படிப்பென்றீரே, இது பரீட்சையன்றோ?' என்று நீங்கள் வினவலாம். பரீட்சகரைக் காட்டிலும் மாணாக்கர் அதிகம் அறிந்திருந்தாலன்றித் தேறமுடியாத பரீட்சை உலகிலே இது ஒன்றே. கேள்வி இடுபவருக்கு விடை முன்னரே தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையின்மேலேயே நம் கல்வி முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. அந்நம்பிக்கை இங்கே கழன்று விழுகிறது.

அதன் விளைவு, இரண்டாம் ஆண்டளவிலே வரும் ஒரு சோர்வு. பதினைந்து இருபது வருஷமாக எடுத்த காரியம் எதிலும் தோலாத பிள்ளை, ஒரே உபகரணத்தோடு எட்டு மாதம் மல்லாடி, அளவீடு ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாக வர, தன் மூளையே மழுங்கிவிட்டதென்று எண்ணத் தொடங்கும். உண்மையிலே மூளை மழுங்கவில்லை. விடை தெரியாத நிலையில் நாட்கணக்காய் இருந்து பழகுகிறது, அவ்வளவுதான். நம் ஊரிலே கிணறு வெட்டுபவர் சுண்ணக்கல்லை உடைத்துக்கொண்டு இறங்கும்போது, அடியிற் கிடைப்பது நன்னீரோ உவரோ என்று அறியாமலே இறங்குவர். உவராய் முடிந்த கிணற்றுக்கும் கூலி உண்டு. ஆராய்ச்சி மாணவனுக்கு அக்கூலியை மனமுவந்து கொடுக்கச் சமூகம் இன்னும் பழகவில்லை. கோயிற் றிருவிழாவிலே கண்டால், 'தம்பி இன்னும் படிச்சு முடியேல்லையோ?' என்று கேட்கிறோம். பெண்பிள்ளையாயின் கேள்வி அவளிடம் வருவதில்லை, தாயிடம் செல்கிறது. ஆகவே இன்னுங் கொடிது. பட்டம் பெற்றுவிட்டாலோ, பெயருக்கு முன்னே 'கலாநிதி' சேர்ந்ததும், கலியாணத் தரகரின் குறிப்புப் புத்தகத்திலே ஒரு படி உயர்கிறான். இடைப்பட்ட ஐந்தாண்டில் அவன் யாது செய்தான் என்பதை எவரும் கேட்டதாக நான் அறியேன்.

அச்சோர்வைக் கடக்க உதவுவது எது? திறமையென்பர் சிலர், விடாமுயற்சியென்பர் பலர். இரண்டும் வேண்டியனவே. ஆயினும் நான் கண்டும் படித்தும் அறிந்த அளவிலே, அதனைக் கடக்கச் செய்வது கூட்டு. பக்கத்து மேசையிலே வேறொருவன் வேறொரு காரியத்திலே தோற்றுக்கொண்டிருக்கவேண்டும். அவன் தோல்வியை இவனும் இவன் தோல்வியை அவனும் தேநீரோடு பேசவேண்டும். வாரத்துக்கொருமுறை எவரேனும் கரும்பலகையின் முன் நின்று, 'இவ்விடத்துக்கு அப்பால் எனக்குத் தெரியவில்லை' என்று கூசாமற் சொல்லவேண்டும். சர். சி. வி. இராமன் எந்த ஆசிரியரின் கீழும் ஆராய்ச்சி மாணவராயிருந்து கலாநிதிப் பட்டம் பெற்றவரல்லர். கணக்காய்வுத் திணைக்களத்து உத்தியோகத்தராயிருந்த காலந்தொட்டே, கல்கத்தா போபசாரிலுள்ள விஞ்ஞான விருத்திக் கழகத்திற் காலையும் மாலையும் வேலைசெய்தவர். பட்டம் இருக்கவில்லை, கூட்டு இருந்தது. தென்பாண்டி நாட்டு வத்திராயிருப்பிலே பிறந்த கே. எஸ். கிருஷ்ணனைப் போன்ற இளைஞர்கள் அவரைச் சூழ இருந்தனர். இராமன் விளைவென்னும் 1928 இன் கண்டுபிடிப்பு அக்கழகத்திலே நிகழ்ந்தது.

இதனினும் நமக்கு அணித்தான உதாரணம் மயிலாப்பூரிலே உண்டு. இந்திய அரசியற் சட்டத்தை வரைந்தோருள் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் புதல்வர் அல்லாடி இராமகிருஷ்ணன், மான்செஸ்ரரிலே கலாநிதிப் பட்டம் பெற்றுச் சென்னைக்கு மீண்டபோது, அங்கே கொள்கைப் பௌதிகம் பேசுவதற்குப் போதிய தோழரில்லை. அவர் தம் இல்லமாகிய 'ஏகாம்ர நிவாசத்'திலேயே இளைஞர் சிலரைக் கூட்டிக் கருத்தரங்கு நடத்தத் தொடங்கினார். உலகின் பல பாகத்திலிருந்தும் வந்த பௌதிகர்கள் அவ்வீட்டுக் கூடத்திலே பேசினர். 1960 இல் இந்தியா வந்த நீல்ஸ் போர் அங்கே வந்து, கண்டதை வியந்து பிறரிடமும் எடுத்துரைத்தார். இரண்டாண்டு செல்லுமுன், 1962 ஜனவரி 3 ஆந் திகதி, சென்னையிலே கணிதவியல் நிறுவகம் உதயமாயிற்று. தொடக்கி வைத்தவர் வானபௌதிகர் எஸ். சந்திரசேகர். கட்டடம் எழும்பிய பின்னர் ஆள் தேடுவது நம் வழக்கம். அங்கே வீட்டுக் கூடத்திலே கூட்டு முந்திற்று, ஸ்தாபனம் பின்னே வந்தது.

ஹாட்லிக் கல்லூரியிலே படித்துக் கேம்பிரிட்ஜ் சென்ற மற்றொருவரும் என் நினைவுக்கு வருகிறார். கம்பர்மலையிற் பிறந்த அழகையா துரைராசா, எலியேசருக்கு ஒரு தலைமுறை பிந்தியவர். பொறியியலாளரென்று பௌதிகர் அவரை ஒதுக்கிவிடக்கூடும்; அது தகாது. களிமண்ணை அமுக்கித் திருகும்போது நாம் செலவிடுஞ் சக்தி எங்கே போகிறது, எவ்வளவு மண்ணிலே சேமிக்கப்படுகிறது, எவ்வளவு உராய்விலே அழிகிறது என்று அவர் அளந்ததைப் பௌதிகமென்னாமல் வேறென்னென்பது? றொஸ்கோ, ஸ்கொஃபீல்ட் என்னும் இருவரோடு சேர்ந்து அவர் 1963 இல் வெளியிட்ட கட்டுரை, மண்பொறியியல் மாணவர் உலகெங்கும் இன்று கற்கும் கேம் களிமண் மாதிரியின் அடிக்கற்களுள் ஒன்று. அவர் நாட்டுக்கு மீண்டு, பேராதனையிற் பேராசிரியராயிருந்து, 1988 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராய், யுத்தத்தின் நடுவே அதனைக் கட்டிக்காத்து, 1994 இலே மறைந்தார். ஒருவர் சென்றார், ஒருவர் மீண்டார் என்று தராசிலே வைத்து நிறுப்பது என் நோக்கமன்று. இருவர்க்கும் வேண்டிய கூட்டு அவர்களுடைய இளமையிலே கேம்பிரிட்ஜிலேதான் இருந்தது என்பது மட்டும் ஈண்டு கருதத்தக்கது.

இங்கே அது தோன்ற நெடுங்காலம் பிடித்தது. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது, திருநெல்வேலியிலே சேர். பொன். இராமநாதன் ஸ்தாபித்த பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்கள் அதற்கு இல்லமாயின. விஞ்ஞானக் கல்வியோ வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிலே, அதாவது பழைய செமினரி இருந்த அதே மண்ணிலே, ஆரம்பமாயிற்று. 1979 இலே வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பத்தாண்டு கழிந்ததோ இல்லையோ, யுத்தம் வந்து சூழ்ந்தது.

மின்வலையிலிருந்து குடாநாடு துண்டிக்கப்பட்டிருந்த தொண்ணூறுகளின் ஆண்டுகளை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். ஜாம் போத்தலிலே சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியுமிட்டு ஏற்றிய விளக்கிலே பிள்ளைகள் உயர்தரத்துக்குப் படித்தன. செய்தி கேட்க விரும்பினால், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையாற் பெடலைச் சுற்ற, டயரிலே உரசிச் சுழலும் டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுப்பர். சுற்றுபவர் களைத்தால் லண்டன் தமிழோசை தேய்ந்து ஓய்ந்துபோகும். இதனை நம் மக்களின் விஞ்ஞானத் திறனுக்குச் சான்றாகப் பல மேடைகளிலே புகழக் கேட்டிருக்கிறேன். சாமர்த்தியந்தான், சந்தேகமில்லை. ஆனால் இடர்ப்பாட்டிலே விளைந்த சாமர்த்தியத்தை ஆராய்ச்சியென்று மெச்சிக்கொள்வது, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும் என்பது என் அபிப்பிராயம். ஆராய்ச்சிக்குரிய கேள்வி அந்த டைனமோவுக்குள்ளேயே இருந்தது. பெடலை இருமடங்கு வேகமாய்ச் சுற்றினால் மின்னழுத்தமும் இருமடங்காகவேண்டுமே. அவ்வாறாயின் சைக்கிளின் சின்னஞ்சிறு விளக்கு வேகமாய் ஓடும்போது எரிந்துபோகாமற் பெரும்பாலும் தாங்கிக்கொள்வது ஏன்? சுற்றும் வேகம் ஏற ஏற ஆடலோட்டத்தின் அதிர்வெண்ணும் ஏறுகிறது. அதிர்வெண் ஏற ஏற டைனமோவின் சுருள் தானே அவ்வோட்டத்தை அதிகமாய் எதிர்க்கிறது. ஆகவே ஓர் எல்லைக்கு மேல் ஓட்டம் உயர்வதில்லை. ஓட்டமே பெரிதும் எடாத கருவியைத் தொடுத்துவிட்டாலோ, அழுத்தம் கட்டின்றி உயர்ந்து அக்கருவியைக் கெடுத்துவிடும். இதனைக் கேட்கவும் அளக்கவும் ஓய்வும், ஒரு மானியும், உடனிருந்து வாதிக்க ஒருவனும் வேண்டும். ஷெல் விழும் ஊரில் அவை மூன்றும் இல்லை. வறுமையும் யுத்தமும் கண்டுபிடிப்பின் தாயென்று பேசுவோர், தாய் பெற்றதை வளர்ப்பதற்கு வேண்டுவனவற்றைக் கணக்கிலே சேர்ப்பதில்லை.

இன்று நிலைமை வேறு. இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலே கலாநிதிப் பட்டம் பெற்று மீண்ட பேராசிரியர் பு. இரவிராஜனும் அவருடைய குழுவினரும், நம் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியற் றுறையிலே சூரியக் கலங்களை ஆராய்கின்றனர். மேற்கு நோர்வேயிலுள்ள பல்கலைக்கழகமொன்றோடு கூட்டும் உண்டு. அவர்கள் பிடித்திருக்கும் சிக்கலை மாணவர்க்கு ஒரு மாதிரியாகச் சொல்லுகிறேன். பல்பகுதியச் சேர்வையொன்றின் மேல் ஒளி பட்டால், இலத்திரனும் அது விட்டுச் சென்ற துளையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்ட சோடியொன்று பிறக்கிறது. அச்சோடி பத்து நனோமீற்றரளவு அலைந்து திரிவதற்குள்ளே, தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் போன்ற வேறொரு பொருளின் எல்லையை அடைந்தால் இரண்டாகப் பிரிந்து மின்னோட்டமாகும். அடையாவிட்டால் வீணே அழியும். ஆனால் ஒளியைப் போதிய அளவு உறிஞ்சுவதற்கு அச்சேர்வை நூறு நனோமீற்றருக்குக் குறையாத தடிப்புடையதாயிருத்தல் வேண்டும். தடிப்பாகவும் இருக்கவேண்டும், எந்தப் புள்ளியும் எல்லையிலிருந்து பத்து நனோமீற்றருக்கு அப்பாற் போகவுங்கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுதற்கு, நாக ஒட்சைட்டிலே நனோ அளவான கோல்களை நெருக்கமாய் நாட்டி, அவற்றின் இடைவெளியிலே சேர்வையை நிரப்பிப் பார்க்கிறார்கள். இவ்வாறான கேள்வியை வெயிலுக்குப் பஞ்சமில்லாத, தைத்தேனியத்தைத் தரும் இல்மனைற்று மணல் புல்மோட்டைக் கரையிலே குவிந்து கிடக்கும் நாட்டிலிருந்தே கேட்கலாம்; கேட்பதற்கு இப்போது ஆளும் இருக்கிறது.

ஆகவே வெளிநாடு செல்ல விரும்பும் பிள்ளைகளைத் தடுக்க நான் இங்கே வரவில்லை, செல்லுங்கள். செல்லும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்யாமல், நீங்கள் சேரப்போகும் குழுவிலே இப்போதுள்ள மாணவர் இருவருக்கு எழுதி, ஆசிரியர் வாரத்துக்கு எத்தனைமுறை கண்ணிற்படுவார், இந்தக் குழுவிலே கடைசியாக வேலையை விட்டுப் போனவர் எதற்காகப் போனார் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு மறுமொழி வராவிட்டால் அதுவே மறுமொழி. இங்கேயே தங்கி ஆராய்வோருக்கு நான் சொல்லவேண்டியது குறைவு. உங்களுக்கு வேண்டுவது புத்திமதியன்று, பணமும் தோழருமாகும்.

அதனால் அறக்கட்டளைப் பொறுப்பாளருக்கு ஒரு விண்ணப்பத்தோடு நான் அமர்கிறேன். ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவுக்கும் ஒரு தங்கப் பதக்கத்துக்குமாக வட்டியைச் செலவிடுவது நல்ல வழக்கந்தான். பதக்கம் பெறும் பிள்ளைக்கோ அதற்கு முன்னரே பதக்கங்கள் பல உண்டு. பதக்கத்துக்குச் செல்லும் பணத்தை ஆராய்ச்சி மாணவர் ஒருவரின் இரு தேவைகளுக்குத் திருப்பினால் நலம். உதவிப்பணம் முடிந்து ஆய்வேடு முடியாதிருக்கும் மாதங்களிலே, அவர் தனியார் வகுப்பெடுக்க ஓடாமல் எழுதி முடிப்பதற்கு ஒன்று. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கும் இக்காலத்திலே, அங்குள்ள கணிதவியல் நிறுவகத்திலோ வேறோர் ஆய்வுகூடத்திலோ சில மாதம் இருந்துவிட்டு, வரும்போது அங்குள்ள ஒருவரை ஒரு வாரத்துக்கு இங்கே அழைத்துவருவதற்கு மற்றொன்று. விண்ணப்பப் பத்திரம் ஒரு பக்கத்துக்கு மேற் போகவேண்டாம். மாணவர் எந்தக் கேள்வியிலே, எவ்விடத்திலே, எத்தனை மாதமாய்த் தடைப்பட்டு நிற்கிறார் என்பதை அதில் எழுதினாற் போதும். உயர்தரப் பெறுபேற்றுக்கு அப்பத்திரத்திலே நிரல் வைக்கவேண்டாமென்று மிகவும் வணக்கத்தோடு கேட்டுக்கொள்ளுகிறேன்.